உழைச்செல்வானுக்கு ஊதியம் தந்தவர் யார்?

மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்பது திருவள்ளுவர் கொள்கை. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து என்னும் மூன்றோடு, உடனிருந்து பணிபுரியும் உழைச்செல்வானையும் அவர் சேர்த்து எண்ணினார். மலாயாத் தோட்டங்களில் மக்களுக்கு மிக அண்மையில் நின்றவர் இந்த நான்காமவரே. டிரெசர் என்றும், பிற்காலத்தில் மருத்துவ உதவியாளர் என்றும் அவரை அழைத்தோம். அவருக்கு ஊதியம் தந்தவர் யார் என்று ஆராய்ந்தால், தோட்ட மக்களின் நலவாழ்வு வரலாறு தெளிவாகும்.

கிள்ளானிலிருந்து தொடங்குவோம். 1901-ஆம் ஆண்டில் டாக்டர் மால்கம் வாட்சன் அங்கே அரசாங்க மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை மலேரியா முடக்கிப் போட்டது. மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்திருந்தார். அவ்வுண்மையைத் துணையாகக் கொண்டு சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன, புதர்கள் வெட்டப்பட்டன. செலவை அரசாங்கம் ஏற்றது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலுக்குப் பலியானோர் 368 பேர். 1902-இல் 59 பேர். பொதுப்பணம் உயிர் காக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயின் நகர எல்லையைத் தாண்டியதும் நிலைமை மாறிற்று. தோட்டம் தனியார் உடைமை. அங்கு உழைப்போரின் நலம் முதலாளியின் பொறுப்பு என்பதே அக்காலச் சட்டத்தின் அடிப்படை. 1912, 1923-ஆம் ஆண்டுகளின் தொழிற்சட்டங்கள் மருத்துவ வசதி செய்யும் கடமையை முதலாளிமேல் சுமத்தின. லயங்களைச் சுற்றிப் பார்த்தல், கொயினா கொடுத்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகியன டிரெசரின் பணிகள். நோயாளிக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லவேண்டியவரும் அவரே. ஆள் குறைந்தால் பால்வெட்டுக் குறையும் என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கியவரும் அவரே. மனச்சான்றுள்ள டிரெசருக்கு இது எத்துணை இக்கட்டு என்பதை எண்ணிப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த தமிழரோ அரசாங்க ஊழியர். அவருக்கு அரசாங்க மருத்துவமனையின் கதவு திறந்திருந்தது. ஒரே ஊரிலிருந்து கப்பலேறிய இருவரின் மருத்துவம், அவரவர் யாரிடம் சம்பளம் வாங்கினர் என்பதைப் பொறுத்து வேறுபட்டது.

பொது நிதி என்னும் கருத்தே அக்காலத்தில் தோன்றவில்லையா என்று கேட்கலாம். தோன்றியது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி அமைந்தது. முதலாளிகள் அனைவரிடமும் வரி தண்டி, தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் செலவுக்கு அது பயன்பட்டது. தோட்டச் சுகாதாரத்தை ஆராய 1924-இல் ஒரு குழு ஆய்ந்தது. 1926-இல் சுகாதார வாரியச் சட்டம் பிறந்தது. தோட்டங்களிடம் வரி பெற்றுப் பொதுவில் மருத்துவம் நடத்துவது அதன் நோக்கம். முதலாளிமார் எதிர்த்தனர், ரப்பர் விலை வீழ்ந்த மந்தகாலத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆளைக் கொண்டுவரும் நிதி நிலைத்தது. வந்த ஆளைக் காக்கும் நிதி நிலைக்கவில்லை!

விடுதலைக்குப் பின் அரசாங்கம் கிராமங்களை நாடிற்று. 50,000 பேருக்கு ஒரு தலைமை நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி என மூன்று அடுக்காக நலப்பணி வகுக்கப்பட்டது. மருத்துவச்சிக்கு ஊதியம் பொதுப்பணமே. தோட்டம் தனியார் நிலமாதலால் அங்கே பழைய ஏற்பாடே தொடர்ந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. எனினும் அவர்களுக்குச் சம்பளம் தந்தது நிர்வாகமே.

1978-இல் அல்மா அட்டா மாநாடு அடிப்படை நலப்பணியை அரசாங்கங்களின் பொறுப்பாக உலகுக்கு உரைத்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அரசின் செலவில் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாயிலுக்கே மருந்து கொண்டு செல்கின்றனர். உழைச்செல்வானைப் பொதுமக்களின் ஊழியனாக்கும் முயற்சிகள் இவை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம்மவர் நகரத்து மருந்தகங்களுக்கு அண்டை வீட்டார் ஆயினர். எஞ்சிய தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோர் வேற்று நாட்டினர். நம் பாட்டனார் நின்ற அதே இடத்தில் அவர்கள் நிற்கின்றனர். அவர்களுக்கு மருந்து கட்டுபவர் யாருடைய ஊழியர் என்னும் வினாவை எழுப்பும் உரிமையும் கடமையும், அதன் விளைவைத் தலைமுறைகளாக அனுபவித்த நமக்கே முதற்கண் உண்டு.