தூக்குக்குண்டு முதல் கைப்பேசி வரை

பாலமோ அடுக்குமாடிக் கட்டடமோ எழும்பும் இடத்தில் இன்று நீங்கள் ஒரு புதுமையைக் காணலாம். கிரேனின் கால்களை ஊன்றிய பின் அதன் ஆபரேட்டர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுக்கிறார். அடிச்சட்டத்தின் மேல் அதைக் கிடத்தித் திரையில் தோன்றும் எண்ணைப் பார்க்கிறார். சற்றுத் தள்ளி நிற்கும் பொக்லைன் இயந்திரத்தின் மெக்கானிக்கோ, அதன் முகப்பில் ஒளிரும் பழுது எண்ணைத் தம் கைப்பேசியில் தட்டிப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறார். சாய்வு பார்க்க ஒரு செயலி, கயிற்றின் இழுவிசையைக் கணக்கிட ஒரு செயலி, பழுதின் பெயர் சொல்ல ஒரு செயலி என, ஒரு பெட்டி நிறையச் சுமந்து சென்ற கருவிகளும் கையேடுகளும் இன்று ஒரு பைக்குள் அடங்கிவிட்டன.

இவை திடீரென்று தோன்றியவை அல்ல. ஒவ்வொரு செயலிக்கும் பின்னால் ஒரு பழைய கருவி உண்டு. அக்கருவிக்குப் பின்னால் ஓர் இயற்பியல் விதி உண்டு. இந்த வமிசாவளியை அறிந்தவருக்கு, எந்தச் செயலியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். பல டன் சுமை தலைக்கு மேல் தொங்கும் இடத்தில் அந்த அறிவு உயிர் காப்பதாகும். ஆகவே அவ்வரலாற்றைச் சற்றே காண்போம்.

எகிப்தியரின் மட்டம்

எகிப்தில் நைல் நதியின் மேற்குக் கரையில் தேர் எல் மதீனா என்னும் சிற்றூர் இருந்தது. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து அமைத்த தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் அது. அவர்களுள் ஒருவரான சென்னெஜெம் என்பவரின் கல்லறை 1886இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவருடைய பொருள்களுள் ஒரு மட்டக் கருவியும் இருந்தது. ஆங்கில எழுத்தாகிய 'ஏ' வடிவில் மரச்சட்டங்கள், உச்சியிலிருந்து தொங்கும் நூல், நூலின் நுனியில் ஒரு குண்டு, இவ்வளவுதான் அக்கருவி. நூல் குறுக்குச் சட்டத்தின் நடுக்கோட்டைத் தொட்டால் தளம் மட்டமாக உள்ளது என்று பொருள். விலகி நின்றால் தளம் சாய்ந்துள்ளது.

நம் ஊர்க் கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்வதும் இதே வேலைதான். பூமி எத்திசையில் இழுக்கிறது என்பதை அது காட்டுகிறது. இக்கருவியில் பொய் சொல்லக் கூடிய பாகம் எதுவும் இல்லை எனலாம். ஆனால் காற்றில் குண்டு ஆடும். அது ஓயும் வரை காத்திருக்க வேண்டும். மிகச் சிறிய சாய்வைக் கண்ணால் பிரித்தறிவதும் கடினம்.

குமிழ் காட்டிய வழி

இக்குறைகளைப் போக்கியவர் மெல்கிசெதெக் தெவெனோ என்னும் பிரெஞ்சு அறிஞர். 1661ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் சாராயத்தை நிரப்பி, ஒரு சிறு காற்றுக் குமிழை மட்டும் உள்ளே விட்டு, இரு முனைகளையும் அடைத்தார். நம் கொத்தனார்கள் ரசமட்டம் என்று அழைக்கும் கருவி இதன் வழித்தோன்றலே. பெயரில் ரசம் இருந்தாலும் உள்ளே பாதரசம் இல்லை. நீரை ஏன் நிரப்பவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நீர் கடுங்குளிரில் உறைந்துவிடும். மேலும் அதன் பரப்பு இழுவிசை மிகுதியாதலால் குமிழ் தயங்கித் தயங்கி நகரும்.

ரசமட்டத்தின் குழாய் பார்வைக்கு நேராகத் தோன்றினாலும், நுட்பமான மட்டங்களில் அது ஒரு பெரிய வட்டத்தின் வில்லாக மிகச் சிறிதளவு வளைந்திருக்கும். குமிழ் எப்போதும் அவ்வில்லின் உச்சியை நாடும். வட்டத்தின் ஆரம் 1 மீட்டர் எனில், கருவி 1 பாகை சாயும்போது குமிழ் 17.5 மில்லிமீட்டர் நகரும். ஆரம் பெருகப் பெருக நகர்வும் பெருகும், நுட்பமும் கூடும். மின்கலம் வேண்டாத இக்கருவியைப் பல நடமாடும் கிரேன்களில் இன்றும் பொருத்துகிறார்கள்.

சிலிக்கானில் ஒரு குண்டு

கைப்பேசிக்குள் குமிழும் இல்லை, நூலும் இல்லை. அப்படியானால் அது எப்படிச் சாய்வை அறிகிறது? விடை முடுக்கமானி என்னும் கருவியின் வரலாற்றில் இருக்கிறது.

ஒரு எடையை வில்லில் இணைத்தால், அதன் மீது செயற்படும் விசைக்கேற்ப வில் நீளும் அல்லது சுருங்கும். அம்மாற்றத்தை மின்சாரத்தால் அளப்பதே முடுக்கமானி. 1920களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட முடுக்கமானிகள், அழுத்தத்தால் கரி வளையங்களின் மின்தடை மாறுவதைப் பயன்படுத்தின. 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்மித், சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் இறுக்கினால் அவற்றின் மின்தடை பெரிதும் மாறுவதைக் கண்டறிந்தார். 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராய்லன்ஸ், ஏஞ்சல் இருவரும் எடை, வில் ஆகிய இரண்டையும் சிலிக்கான் துண்டிலேயே செதுக்கிய முடுக்கமானியை வெளியிட்டனர்.

1990களில் இச்சிறு கருவி கார்களுக்குள் நுழைந்தது. மோதலை உணர்ந்து காற்றுப் பையை விரியச் செய்வது அதன் பணி. கோடிக்கணக்கில் உற்பத்தியாகி விலை வீழ்ந்ததும் அது கைப்பேசிக்கும் வந்தது. 2007இல் வெளியான ஐபோனில் முடுக்கமானி இருந்தது; திரையைத் திருப்பினால் படமும் திரும்புவதற்காக வைக்கப்பட்டது அது. 2008இல் செயலிக் கடைகள் திறக்கப்பட்டபின், அதே முடுக்கமானியை மட்டம் பார்க்கவும் பயன்படுத்தலாம் என்று செயலி எழுதுவோர் கண்டுகொண்டனர்.

இன்றைய கைப்பேசியில் உள்ள நுண்ணிய எடையின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் உள்ளன. எடை சிறிது அசைந்தால் தகடுகளின் இடைவெளி மாறும், மின்தேக்குத்திறனும் மாறும். அம்மாற்றத்திலிருந்து புவியீர்ப்பின் எந்தப் பங்கு எந்தப் பக்கம் செயற்படுகிறது என்று கணக்கிட்டுச் சாய்வைத் திரையில் காட்டுகிறது செயலி. சென்னெஜெமின் குண்டுதான் சிலிக்கான் வடிவில் உங்கள் பைக்குள் தொங்குகிறது!

ஒரு விழுக்காட்டுக் கணக்கு

இப்போது கிரேனுக்கு வருவோம். கிரேன் எத்தொலைவில் எவ்வளவு தூக்கலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் ஒரு சுமை அட்டவணை தருவார். கிரேன் மட்டமாக நிற்கும்போதுதான் அவ்வட்டவணை செல்லும். பல நடமாடும் கிரேன்களுக்கு அனுமதிக்கப்படும் சாய்வு 1 விழுக்காடு. அதாவது 100 மீட்டருக்கு 1 மீட்டர். பாகையில் சொன்னால் 0.57.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? கையின் நுனி 30 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். கிரேன் 1 பாகை சாய்ந்தால் அந்நுனி ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். சுமையும் அத்தனை தொலைவு விலகும். கவிழ்க்கும் திருப்புத்திறன் கூடும். முன்னும் பின்னும் வளைவதைத் தாங்குமாறு அமைக்கப்பட்ட கை, பக்கவாட்டு விசையையும் சுமக்க நேரிடும்.

கைப்பேசியின் முடுக்கமானியில் புவியீர்ப்பு முடுக்கத்தின் நூறில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை பாகைப் பிழையாகும் தெரியுமா? சரியாக 0.57 பாகை! கிரேனுக்கு அனுமதிக்கப்பட்ட சாய்வு முழுவதையும் கருவியின் பிழையே விழுங்கிவிடுகிறது. திரை பூச்சியம் காட்டும். கிரேனோ எல்லையில் நிற்கும். விலை மலிவான முடுக்கமானிகளில் இவ்வளவு பிழை அரிதன்று. கைப்பேசியின் உறையும், முதுகில் புடைத்திருக்கும் கேமராவும் தம் பங்குக்குப் பிழையைக் கூட்டும்.

இதற்கு மாற்று உண்டு. கொத்தனார்கள் ரசமட்டத்தைச் சோதிக்கும் முறையே அது. கருவியை வைத்து ஓர் அளவு எடுங்கள். அதே இடத்தில் அதைத் தலைமாற்றி வைத்து மீண்டும் அளவெடுங்கள். தலைமாற்றும்போது தளத்தின் சாய்வுக்குக் குறி மாறும். கருவியின் பிழைக்கு மாறாது. முதல் அளவு +1.2 பாகை, இரண்டாம் அளவு −0.4 பாகை என்று கொள்வோம். இரண்டின் வேறுபாட்டில் பாதியாகிய 0.8 பாகை உண்மைச் சாய்வு. இரண்டின் கூட்டலில் பாதியாகிய 0.4 பாகை கருவியின் பிழை. அரை நிமிட வேலைதான் இது.

மற்றொரு குறையைத் தலைமாற்றியும் தீர்க்க முடியாது. ஈர்ப்பையும் முடுக்கத்தையும் அவற்றின் விளைவைக் கொண்டு பிரித்தறிய இயலாது என்று 1907இல் ஐன்ஸ்டீன் எடுத்துரைத்தார். கைப்பேசியின் முடுக்கமானிக்கும் இது பொருந்தும். இயந்திரம் அதிரும்போதோ, சுழலும்போதோ, நகரும்போதோ அந்த முடுக்கத்தையும் அது சாய்வு என்றே எண்ணிக்கொள்ளும். இயந்திரம் ஓய்ந்து நிற்கும்போது எடுத்த அளவே அளவு.

கணக்கிடும் செயலிகள்

இரண்டு கால் கயிற்றில் சுமையைத் தூக்கும்போது ஒவ்வொரு காலிலும் எவ்வளவு இழுவிசை? இதற்கு அடித்தளமிட்டவர் ஃபிளாண்டர்ஸ் நாட்டில் பிறந்த சைமன் ஸ்டெவின். விசைகளைச் சேர்க்கும் விதியை 1586இல் வெளிவந்த தம் நூலில் அவர் பயன்படுத்தினார். 1 டன் சுமைக்கு, கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் கயிறுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் 0.58 டன், 45 பாகையில் 0.71 டன், 30 பாகையில் 1 டன் முழுவதும்! இரண்டு கயிறுகள் பாதிப் பாதியாகச் சுமக்கும் என்று நினைப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

1614இல் நேப்பியர் மடக்கையை வெளியிட்டார். 1622 வாக்கில் ஆட்ரெட் மடக்கை அளவுகளை ஒன்றன் மேல் ஒன்று நகரச் செய்து ஸ்லைடு ரூலை உருவாக்கினார். ஏறத்தாழ 350 ஆண்டுகள் பொறியாளர்களின் கையில் இருந்த அதனை, 1972இல் வந்த எச்.பி.-35 என்னும் சட்டைப்பைக் கணிப்பொறி வீட்டுக்கு அனுப்பியது. இன்று செயலி ஒரு நொடியில் விடை தருகிறது. ஆனால் கொடுக்கப்படாத எண்ணை எந்தக் கருவியும் கணக்கில் சேர்க்காது.

1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஒரு விளையாட்டரங்கின் கூரைப் பகுதியைப் 'பிக் புளூ' என்னும் மாபெரும் கிரேன் தூக்கியது. கூரையின் எடை 400 டன்னுக்கும் மேல். பலத்த காற்றில் கிரேன் சரிந்து மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். கிரேனின் மீது மோதும் காற்று கணக்கில் கொள்ளப்பட்டிருந்தது. தூக்கிய கூரையின் மீது மோதும் காற்று சேர்க்கப்படவில்லை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதை நினைவில் கொள்க.

பழுது எண்ணும் போர்டன் மானியும்

இனி மெக்கானிக்கின் செயலி. 1986இல் பாஷ் நிறுவனம் வாகனத்தின் மின்னணுப் பகுதிகள் தமக்குள் செய்தி பரிமாறும் முறையொன்றை வெளியிட்டது. அதன்மேல் எழுந்த ஜே-1939 என்னும் பொதுவிதி, கனரக இயந்திரங்களுக்கு ஒரு பொது மொழியைத் தந்தது. அதில் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எண், பழுதின் வகைக்கு மற்றோர் எண். '100, 1' என்று வந்தால், இன்ஜின் எண்ணெய் அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். செயலி இங்கே ஓர் அகராதி. தடித்த கையேட்டைப் புரட்டும் வேலையை மிச்சப்படுத்துகிறது.

அகராதி பொருள் சொல்லும், காரணம் சொல்லாது. எண்ணெய் குறைந்திருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், அழுத்தம் அளக்கும் உணர்வியே கெட்டிருக்கலாம். தேர்ந்த மெக்கானிக் உடனே பாகங்களை மாற்றுவதில்லை. இன்ஜினை நிறுத்தி முதலில் எண்ணெயின் அளவைப் பார்க்கிறார். பிறகு முள் காட்டும் ஓர் அழுத்தமானியை இன்ஜினில் நேராகப் பொருத்திச் சற்று நேரம் மட்டும் ஓடவிட்டுப் பார்க்கிறார். வளைந்த குழாய் அழுத்தத்தால் நிமிர முயல்வதைக் கொண்டு அளக்கும் அக்கருவி, 1849இல் யூஜீன் போர்டன் என்னும் பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்றது. புதிய கருவியின் சொல்லைப் பழைய கருவி சரிபார்க்கிறது.

மாணவர்களே, இன்று மாலை ஒரு கைப்பேசியை உங்கள் மேசைமீது வைத்து அளவெடுங்கள். தலைமாற்றி வைத்து மீண்டும் அளவெடுங்கள். இரண்டையும் தாளில் எழுதி, மேசையின் சாய்வு எவ்வளவு, கருவியின் பிழை எவ்வளவு என்று கணக்கிடுங்கள். உங்கள் வீட்டில் கிரேனோ பொக்லைனோ ஓட்டுபவர் இருந்தால் அவருக்கும் இதைச் செய்துகாட்டுங்கள். அவருடைய கைப்பேசி எவ்வளவு பிழை காட்டுகிறது என்பதை அவர் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.