அடக்கி வாசித்த மூவர்

1980 பிப்ரவரியில் லண்டனின் ரஃப் டிரேட் நிறுவனம் ‘கொலாசல் யூத்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. வேல்ஸைச் சேர்ந்த யங் மார்பிள் ஜயன்ட்ஸ் குழுவின் முதல் ஆல்பம் அது; கடைசி ஆல்பமும் அதுதான். ஓராண்டுக்குள் குழு கலைந்துவிட்டது. தட்டு மட்டும் இன்றுவரை கைமாறிக்கொண்டே இருக்கிறது.

அதன் பிறப்பிடம் கார்டிஃப். நிலக்கரி ஏற்றுமதியால் செழித்து, அந்த வணிகம் போனபின் களையிழந்த துறைமுக நகரம். 1978இல் ஸ்டூவர்ட் மாக்ஸம், ஃபிலிப் மாக்ஸம் என்ற சகோதரர்களும் பாடகி அலிசன் ஸ்டாட்டனும் அங்கே குழுவைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் கிட்டாரைத் தூக்கலாம் என்ற துணிச்சலை பங்க் இசை அப்போதுதான் ஊட்டியிருந்தது. தூக்கியவர்களில் பலரும் கத்தினார்கள். இந்த மூவர் துணிச்சலை வைத்துக்கொண்டு கத்தலை விட்டுவிட்டார்கள்.

குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை. சகோதரர்களின் உறவினர் ஒருவர் மின்னணு வேலையில் கெட்டிக்காரர். தாள இயந்திரம் ஒன்றை அவரே செய்துகொடுத்தார். அதன் தாளங்களைக் கேசட்டில் பதிந்துகொண்டு, மேடையில் அதை ஓடவிட்டு உடன் வாசித்தார்கள். தட்டிலும் அந்தத் தாளம்தான்: சன்னமாக, சீராக, எந்த உருட்டலும் இல்லாமல். ஸ்டூவர்ட் உள்ளங்கையைத் தந்திகள்மேல் அழுத்தி, நாதம் நீளுமுன்பே அதைத் துண்டிக்கிறார். பாட்டின் மெட்டைப் பல இடங்களில் ஃபிலிப்பின் பேஸ் கிட்டாரே சுமக்கிறது. அலிசன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடுகிறார். சொல்லை இழுப்பதில்லை, உருகுவதில்லை. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விழும் மௌனம் நம் காதில் தெளிவாகப் படுகிறது.

1979இல் கார்டிஃப் குழுக்களின் பாடல்களைத் தொகுத்து ‘இஸ் தி வார் ஓவர்?’ என்ற தட்டு வந்தது. அதில் இவர்களும் இருந்தார்கள். அதன்வழியே ரஃப் டிரேட் இவர்களைக் கண்டுகொண்டது. வேல்ஸின் நாட்டுப்புறத்திலுள்ள ஃபோயல் ஸ்டூடியோவில் 5 நாட்களில் ஆல்பம் முடிந்தது. 15 உருப்படிகள், மொத்தமும் நாற்பது நிமிடத்துக்குள்.

ஆல்பம் வந்த 1980இலேயே ‘ஃபைனல் டே’யும் வந்தது. அணுகுண்டு விழும் கடைசி நாளைப் பற்றிய பாட்டு. இரண்டு நிமிடம்கூட இல்லை. பாட்டு நெடுக ஒரே ஒரு சுரம் விடாமல் இரைகிறது. அமெரிக்க ஏவுகணைகளைப் பிரிட்டனில் நிறுத்த முடிவாகியிருந்த காலம் அது. அதை எதிர்த்து 1981இல் பெண்கள் கிரீன்ஹாம் காமன் படைத்தளத்துக்கு நடந்தே போனார்கள். புறப்பட்ட இடம் இதே கார்டிஃப். அந்த ஊரை ஆட்டிய பயத்தை அலிசன் குரல் உயர்த்தாமல் பாடியிருக்கிறார். அதனாலேயே கேட்பவருக்குக் குலை நடுங்குகிறது.

பாடல்களில் பெரும்பாலானவை ஸ்டூவர்ட் எழுதியவை. ஊர் அறிந்ததோ அலிசனின் குரல். பேசித் தீர்க்காத மனத்தாங்கல்களோடு குழு பிரிந்தது. வாத்திய இசை மட்டும் கொண்ட ‘டெஸ்ட்கார்ட்’ 1981இல் வெளிவந்தபோது குழுவே இல்லை. ஸ்டூவர்ட் ‘தி ஜிஸ்ட்’டுக்கும் அலிசன் ‘வீக்கெண்ட்’டுக்கும் போனார்கள்.

‘கொலாசல் யூத்’ தட்டோ அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த 50 ஆல்பங்களைத் தன் குறிப்பேட்டில் பட்டியலிட்டபோது இதையும் சேர்த்தார். 1994இல் கோர்ட்னி லவ்வின் ஹோல் குழு, இதிலுள்ள ‘கிரெடிட் இன் தி ஸ்ட்ரெய்ட் வேர்ல்ட்’ பாடலைத் தன் ‘லிவ் த்ரூ திஸ்’ ஆல்பத்தில் முழு டிரம்ஸோடும் அலறும் கிட்டார்களோடும் பாடியது. அத்தனை சத்தத்தைச் சுமந்தும் பாட்டு நொறுங்கவில்லை. அடியில் இருந்த கட்டுமானம் எவ்வளவு உறுதி என்பதை அந்த வடிவம் காட்டிக்கொடுத்தது.

2007இல் டோமினோ நிறுவனம் ஆல்பத்தை மறுபடி வெளியிட்டது. மூவரும் மேடைக்குத் திரும்பினார்கள். 2015இல் லண்டனில் விடைபெற்றார்கள். புது ஆல்பம் எதுவும் போடவில்லை.

அந்தக் காலத்துத் தட்டுகள் பலவற்றில் ஸ்டூடியோ மோஸ்தர் வயதைச் சொல்லிவிடும்: ஊதிப் பெருக்கிய டிரம்ஸ் போன்றவை. ‘கொலாசல் யூத்’தில் அப்படி எதையும் சேர்க்கவே இல்லை, அதனால் பழசாக அதில் ஒன்றுமில்லை. வசதிக் குறைவால் மட்டும் வந்த எளிமையல்ல இது. எது வேண்டாம் என்று பாட்டுக்குப் பாட்டு முடிவெடுத்தவர்களின் உழைப்பு. குழுவின் ஆயுள் குறைவு என்று வருந்துவோர் உண்டு; எனக்கு அந்த வருத்தம் இல்லை. சொல்ல வந்ததை ஒரே ஆல்பத்தில் மிச்சமின்றிச் சொன்னவர்கள் அவர்கள்.