ஈறும் இரத்தக் குழாயும்: ஓர் ஐயத்தின் வரலாறு



பல் போனால் சொல் போகும் என்பது நம் முன்னோர் மொழி. ஈறு கெட்டால் இரத்தக் குழாயும் கெடுமோ என்பது மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேலாக எழுப்பி வரும் வினா. அந்த வினாவுக்கு ஒருமுறை அவசரத்தில் விடை கூறப்பட்டது. அதன் பயனாக எண்ணற்றோர் தம் பற்களை இழந்தனர். மறுமுறை பொறுமையோடு விடை தேடப்பட்டது. இவ்விரு தேடல்களின் கதையே இன்றைய பேச்சு.

1683-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், தம் பல்லிடுக்கில் மாவுபோல் படிந்திருந்த வெண்பொருளைத் தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே நோக்கினார். அதில் துள்ளித் திரியும் சிற்றுயிர்களைக் கண்டு வியந்து, லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர், வாயில் வாழும் கிருமிகள் உடலின் பிற உறுப்புகளுக்கும் நோயைப் பரப்பக்கூடும் என்று 1891-இல் எழுதினார்.

இவ்வெண்ணத்திற்குப் பெருங்குரல் கொடுத்தவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹண்டர். 1910-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவில், செம்மையாகச் செய்யப்படாத தங்கப் பல்லுறைகளின் அடியில் சீழ் தேங்குவதைக் கடுமையாகச் சாடினார். சிகாகோ நகரின் டாக்டர் பில்லிங்ஸ் போன்றோர், உடலில் ஓரிடத்தில் ஒளிந்திருக்கும் கிருமிக் கூட்டமே தொலைவிலுள்ள உறுப்புகளின் நோய்க்கும் ஊற்று என்னும் கொள்கையைப் பரப்பினர். அதன்பின் மூட்டுவலி என்று வந்தவருக்கும் பல் பிடுங்கப்பட்டது; களைப்பு என்று வந்தவருக்கும் பிடுங்கப்பட்டது. நியூஜெர்சி மாநிலத்து மனநோய் மருத்துவமனையின் தலைவர் ஹென்றி காட்டன், சித்தம் கலங்கியோரின் பற்களையும் அகற்றி, அதுவே சிகிச்சை என்றார். மறுத்துப் பேச இயலாத நிலையிலிருந்த அந்நோயாளிகளை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

1940-இல் ரைமன், ஹேவன்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் இக்கொள்கையை அலசி ஆராய்ந்து, அது மெய்ப்பிக்கப்படவில்லை என்று எழுதினர். பிறரும் அவ்வாறே கூறினர். கொள்கை மெல்ல மதிப்பிழந்தது. அதனுடன் வாய்க்கும் உடலுக்கும் உள்ள உறவு பற்றிய ஆராய்ச்சியும் நெடுங்காலம் தளர்ந்திருந்தது.

1989-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஆராய்ச்சியாளர்கள், மாரடைப்புக்கு உள்ளான 100 பேரையும் அந்நோயற்ற 102 பேரையும் ஒப்பிட்டனர். வயது, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும், மாரடைப்பு கண்டோரின் பற்களும் ஈறுகளுமே அதிகம் பழுதுற்றிருந்தன. பழைய ஐயம் மீண்டும் உயிர்பெற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குத் ‘தொடர்பு’ என்ற சொல்லும் ‘காரணம்’ என்ற சொல்லும் வேறு வேறு. முன்னதன் இடத்தில் பின்னதை எழுதிவிட்டால் வாக்கியம் இனிதாக ஓடும், பொருள் பிழையாகிவிடும். புகைப்பவருக்கு ஈறும் கெடுகிறது, இருதயமும் கெடுகிறது. அதனால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. 1910-இன் மருத்துவர்கள் செய்த பிழை இச்சொல் மாற்றமே.

ஆதலின் இம்முறை அளந்து பார்த்தனர். இரத்தக் குழாயின் உட்பூச்சாக அமைந்த மெல்லிய உயிரணுப் படலமே குழாயைத் தளரச் செய்கிறது என்பதை 1980-இல் அமெரிக்கரான ஃபர்ச்காட் காட்டியிருந்தார். அத்தொடர்பான ஆராய்ச்சிக்கு 1998-இல் நோபல் பரிசும் கிடைத்தது. முன்கையைப் பட்டையால் இறுக்கிச் சில நிமிடம் குருதியோட்டத்தைத் தடுத்துப் பின் தளர்த்தினால், நலமுள்ள தமனி விரிந்து கொடுக்கும். அவ்விரிவை ஒலியலைக் கருவியால் அளக்கலாம்.

லண்டனில் நடந்து 2007-இல் வெளியான ஆராய்ச்சியில், கடும் ஈறு நோயுற்ற 120 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவினருக்கு ஈறுகளின் ஆழம் வரை தீவிரச் சிகிச்சை. மறுநாள் அளந்தபோது தீவிரச் சிகிச்சை பெற்றோரின் தமனி முன்னினும் குறைவாகவே விரிந்தது! கிளறிய புண்ணால் உடலெங்கும் அழற்சி எழுந்ததே அதற்கு ஏது. ஆனால் 60 நாளில் நிலை மாறியது; 180 நாளில் அவர்களுடைய தமனியின் விரிவு மற்றவரினும் 2 சதவிகிதப் புள்ளிகள் மிகுந்திருந்தது. ஈறு ஆறியது, குழாயும் நெகிழ்ந்தது.

ஆயினும் தமனி நன்கு விரிவது ஒன்று. மாரடைப்பு தடுக்கப்படுவது வேறொன்று. ஈறு நோய்க்கும் இருதய நோய்க்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஈறு சிகிச்சை இருதய நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2012-இல் அறிவித்தது. தன் ஆசைக்கு வரம்பு கட்டிய அந்த அடக்கமே, நூறாண்டுக்கு முன் இல்லாதிருந்த அறிவு.

வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு, நோயை எடுத்துரைக்கச் சொல் கிடைக்காமல் நாளைக் கடத்துவது வழக்கமாகிவிடுகிறது. பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிந்தால் அதை அற்பமென்று தள்ளாதீர்கள். அவ்வூர் மொழியில் இரண்டு சொல் கற்றேனும் பல் மருத்துவரிடம் கூறுங்கள். ஈறு ஆறிவிட்டது என்பதற்காக இரத்த அழுத்தத்திற்கும் இருதயத்திற்கும் உண்ணும் மருந்தை நிறுத்தாதீர்கள். பல்லைக் காப்பது பல்லின் பொருட்டே தகும். அதனால் குழாயும் நலம் பெறுமாயின், அது நமக்கு வாய்த்த கூடுதல் ஊதியம்.