இரண்டாவது பெயர்

1984 நவம்பர் 6 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில், பெரிய கட்சி ஒன்றின் துணை அதிபர் வேட்பாளராக முதன்முறையாக ஒரு பெண் நின்றார். அவர் ஜெரால்டின் ஃபெராரோ, நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதி மக்கள் பிரதிநிதி. ஜனநாயகக் கட்சியின் வால்டர் மாண்டேல் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, பெண்களின் வாக்குகள் திரண்டு வந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். பிரசாரத்தில் ஃபெராரோவைத் துரத்தியது அவருடைய கணவரின் தொழில் கணக்கும் வரிக் கணக்கும்தான். முடிவில் 50 மாநிலங்களில் 49ஐ ரீகன் வென்றார். வாக்களித்த பெண்களிலும் பாதிக்கும் மேற்பட்டோர் ரீகன் பக்கமே நின்றார்கள்.

அதே நவம்பரில், குயின்ஸை ஒட்டியிருக்கும் புரூக்ளினில், ஒரு மருத்துவமனைக் கட்டிலில் தமிழ்நாட்டின் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். படுத்திருந்தார். அடுத்த மாதம் இங்கே சட்டமன்றத் தேர்தல். அவர் வேட்பாளராக நின்ற தொகுதி, அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டி. தொகுதிக்குள் காலடி வைக்காமலேயே முப்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தலைவர் இல்லாத அந்தத் தேர்தலில் கட்சிக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்களில் கூட்டம் அதிகம் கூடியது கொள்கை பரப்புச் செயலாளர் ஜெயலலிதாவுக்கு.

துணைக்கு நிறுத்தப்படுபவரால் முதலில் நிற்பவருக்கு வாக்கு கூடுமா? அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளுக்கொருமுறை கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு அங்குள்ள அரசியல் ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் டிவைனும் கைல் கோப்கோவும் 2020இல் ஒரு நூலே எழுதினார்கள். துணை வேட்பாளரைப் பார்த்து நேரடியாக வாக்களிப்பவர்கள் மிகக் குறைவு என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால், 'இவரைப் போய்த் தேர்ந்தெடுத்தாரே' என்று முதலில் நிற்பவரின் நிதானத்தை எடைபோட அந்தத் தேர்வு உதவுகிறது. அதாவது இரண்டாவது பெயர் முதல் பெயரைப் பற்றித்தான் பேசுகிறது.

இந்தியாவில் அப்படி ஜோடியாக யாரும் நிற்பதில்லை. குடியரசுத் துணைத் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலத்தில் துணை முதல்வர் என்பது வாக்குச்சீட்டில் இல்லாத பதவி. ஆனாலும் 'இவருக்குப் பிறகு யார்' என்ற கேள்வி தமிழ்நாட்டு வாக்காளரை விட்டு விலகியதே இல்லை. அதற்கு ஒரு தேர்தல் நேரடியாகவே பதில் சொன்னது. அந்தப் பதிலின் பெரும்பகுதி எங்கள் பள்ளத்தாக்கில் எழுதப்பட்டது.

1984 முடிவை வைத்து நாம் எதையும் நிறுவ முடியாது. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார். அ.தி.மு.க.வும் காங்கிரசும் கூட்டணி. மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். இருக்கும் படம் ஊர்தோறும் திரையிடப்பட்டது. இரண்டு அனுதாப அலைகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் உழைப்பு எத்தனை வாக்கைக் கொண்டுவந்தது என்று யார் பிரித்துச் சொல்வது? கணக்கில் எல்லாமே முதல் பெயரில்தான் வரவு வைக்கப்படும். வீட்டுக் கணக்கும் இப்படித்தான் எழுதப்படுகிறது என்பது பெண்களுக்குத் தெரியும்.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். 1988 ஜனவரி 7 அன்று அவருடைய மனைவி வி.என். ஜானகி முதலமைச்சரானார், தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர் அவர்தான். ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சி இரண்டானது, இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரி 21 தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஜானகி கணவர் வென்ற ஆண்டிபட்டியைத் தேர்ந்தெடுத்தார். ஜெயலலிதா பக்கத்துத் தொகுதியான போடிநாயக்கனூருக்கு வந்தார். அங்கே அவரை எதிர்த்து ஜானகி அணியில் நின்றவரும் ஒரு நடிகை, வெண்ணிற ஆடை நிர்மலா.

ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார், தி.மு.க.வின் ஆசையன் வென்றார். போடியில் ஜெயலலிதா, தி.மு.க.வின் முத்து மனோகரனை 28,731 வாக்குகளில் வென்றார். மாநிலம் முழுவதும் சேவலுக்கு ஏறக்குறைய 21 சதவீதமும் 27 இடங்களும், புறாவுக்கு ஏறக்குறைய 9 சதவீதமும் 2 இடங்களும் கிடைத்தன. 33 சதவீதம் பெற்ற தி.மு.க. 150 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது.

முதல் பெயர் இரண்டு அணிக்கும் ஒன்றுதான். இருவரின் மேடையிலும் எம்.ஜி.ஆர். படம்தான். மக்கள் தேர்ந்தெடுத்தது இரண்டாவது பெயரை மட்டுமே. இதைப் பலரும் 'மனைவியா, கதாநாயகியா' என்று ஒரு குடும்பக் கதையாகச் சுருக்கினார்கள். ஜானகியும் திரையில் எம்.ஜி.ஆரோடு கதாநாயகியாக நடித்தவர்தான் என்பது அந்தச் சுருக்கத்தில் காணாமல் போனது. ஓர் ஆணோடு என்ன உறவு என்பதைத் தாண்டி இரு பெண்களிடம் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை என்று முடிவுகட்டிய வாசிப்பு அது.

எனக்கு அப்போது எட்டு வயது. சுவரெல்லாம் சேவல். ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப் ஏறுகிற பெண்களில் எங்கள் அப்பத்தாவும் ஒருத்தி. யாருக்கு ஓட்டு என்று அம்மா கேட்டதற்கு அப்பத்தா சொன்னது நினைவிருக்கிறது: "அந்தம்மா பாவந்தான் தாயி. ஆனா அத நாம பாத்ததே இல்லையே. இந்தப் புள்ள தெருத்தெருவா வந்து நிக்கிதுல்ல."

அப்பத்தாவின் சொல்லில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஜானகியை முன்னால் நிறுத்தியவர்கள் ஆர்.எம். வீரப்பன் முதலான மூத்த தலைவர்கள். சட்டமன்ற உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் அவர் பக்கம். அதற்கு முன் அவர் மக்களிடம் வாக்குக் கேட்டுப் பழகியவர் அல்ல. ஜெயலலிதாவுக்கு முதலில் கதவைத் திறந்தவரும் ஓர் ஆண்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1983 முதல் ஆறு ஆண்டுகள் சாலையில் நின்றவர் அவர். அறைக்குள் தேர்ந்தெடுக்கப்பட்ட பெயரை அறைக்குள் இருந்தவர்கள்தான் நம்பினார்கள். மாண்டேல் கணக்கும் இங்கேதான் தவறியிருக்க வேண்டும். பெண் என்பதால் பெண்கள் வாக்களிப்பார்கள் என்று எண்ணுவதும், மனைவி என்பதால் ஊர் வாக்களிக்கும் என்று எண்ணுவதும் ஒரே பிழையின் இரண்டு வடிவங்கள்.

தேர்தல் முடிந்ததும் ஜானகி அரசியலை விட்டு ஒதுங்கினார். கட்சி ஒன்றானது, இரட்டை இலை திரும்பியது. அடுத்த இரண்டாண்டில் ஜெயலலிதா முதல்வர். அவர் முதல் பெயரான பிறகு தனக்குத் துணையாக யாரைத் தேர்ந்தெடுத்தார்? அதற்கும் எங்கள் மாவட்டமே சாட்சி. 2001 செப்டம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் பதவி இழந்தபோது, பெரியகுளத்தில் அப்போதுதான் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஓ. பன்னீர்செல்வத்தை முதல்வராக்கினார். 2002இல் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று நாற்காலியைத் திரும்பப் பெற்றார். 2014இலும் அதே ஏற்பாடு. வெண்ணிற ஆடை நிர்மலாவுக்கு 1989இல் போடியில் தேர்தல் வேலை பார்த்தவர் பன்னீர்செல்வம் என்பது அரசியலின் வேடிக்கை.

வாக்கைக் கூட்டுவதற்காக நடந்த தேர்வு அல்ல இது. தனக்கென்று வாக்கு இல்லாதவர், திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுபவர் என்பதே தகுதி. தான் இரண்டாமிடத்திலிருந்து எப்படி மேலே வந்தோம் என்பதை அறிந்தவர், அந்தப் பாதையை இன்னொரு பெண்ணுக்கு விட்டுவைக்கவில்லை. அதிகாரத்துக்கு வரும் பெண் அதிகாரத்தின் அமைப்பை மாற்றுவாள் என்று நம்பிய நமக்கு இது கசப்பான பாடம்.

இதையெல்லாம் வகுப்பில் பேசும்போது, 'இதில் நமக்கென்ன' என்று கேட்கும் மாணவிகளிடம் நான் ஊராட்சியைப் பற்றிச் சொல்வேன். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஊராட்சித் தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரையோ வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பெண்ணாக, அதிலும் தலித் பெண்ணாக இருக்கும் இடங்களில், ஊரின் பழைய அதிகாரம் துணைத் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். தெருவிளக்குக்கும் மோட்டார் பழுதுக்கும் அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊர் திட்டுவது அந்தப் பெண்ணைத்தான்.

துணைக்கு நிற்பவரால் வெற்றி வருமா என்று வாஷிங்டனில் கேட்கட்டும். நம் ஊர்களில் கேட்க வேண்டியது வேறு: ஜெயித்த பிறகு அந்தப் பெண்ணை வேலை செய்யவிடுவது யார், தடுப்பது யார்? அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தலைவருக்கு நிற்கும் பெண், தன்னோடு கையெழுத்துப் போடக்கூடியவர்களை வார்டுகளில் நிற்கவைக்க இப்போதே தெருவில் இறங்க வேண்டும். முதல் பெயருக்கு வாக்குக் கேட்கும்போதே இரண்டாவது பெயருக்கும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.