படத்தில் பார்த்த குத்துவிளக்கு எவ்வளவு உயரம்?

சிராங்கூன் சாலைக் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் குத்துவிளக்கு கம்பீரமாகத் தெரியும். வாங்கி வந்து பூசை அலமாரியில் வைத்தால் ஒரு சாண் உயரம்தான் இருக்கும். அல்லது மேல்தட்டில் இடிக்கும். பழைய கட்டில், அலமாரி என எதை இணையத்தில் வாங்கினாலும் இதே தொல்லைதான். அருகிலுள்ள சிறிய பொருளும் தொலைவிலுள்ள பெரிய பொருளும் படத்தில் ஒரே அளவில் பதிவாகலாம்.

மெர்லயன் பூங்காவில் இதை அன்றாடம் பார்க்கலாம். அங்குள்ள சிலையின் உயரம் 8.6 மீட்டர். அது கக்கும் நீரை வாயில் பிடிப்பதுபோல் சுற்றுப்பயணிகள் நின்று படமெடுப்பார்கள். கேமராவிலிருந்து சிலை 50 மீட்டரிலும் 1.7 மீட்டர் உயரமுள்ள நண்பர் 10 மீட்டரிலும் இருந்தால், இருவரும் ஏறக்குறையச் சம உயரமாகத் தெரிவர்.

ஆகவே அளவு தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்ல வேண்டும். ஈஸி-லிங்க் அட்டையின் நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54. 2013ல் வெளியான வரிசையைச் சேர்ந்த ஒரு வெள்ளி நாணயத்தின் விட்டம் 24.65 மில்லிமீட்டர். ஏ4 தாள் 297க்கு 210. அடையாள அட்டையும் ஈஸி-லிங்க் அளவுதான். ஆனால் அதைப் படமெடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கணக்கு எளிது. திரையில் அட்டையின் நீளம் 2 சென்டிமீட்டர், விளக்கின் உயரம் 9 சென்டிமீட்டர் என்றால், விளக்கு அட்டையைப்போல் நாலரை மடங்கு. 8.56ஐ 4.5ஆல் பெருக்கினால் சுமார் 38.5 சென்டிமீட்டர்.

பலர் தவறுவது அட்டையை வைக்கும் இடத்தில்தான். கேமராவிலிருந்து விளக்கு 60 சென்டிமீட்டரில் இருக்க, அட்டையை 40 சென்டிமீட்டரில் பிடித்தால் அட்டை ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். அதே விளக்கு கணக்கில் 26 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அட்டை விளக்குத் தண்டை ஒட்டி, அதே தூரத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டும். கைத்தொலைபேசியையும் சாய்க்காமல், 0.5 என்ற அகலக்கோண லென்சைத் தவிர்த்து, சற்றுத் தள்ளி நின்று எடுப்பது நல்லது. அகலக்கோணத்தில் ஓரத்திலுள்ள பொருள்கள் இழுபட்டுத் தெரியும்.

விற்பவர் ஏற்கெனவே அனுப்பிவிட்ட படமானால், அதற்குள்ளேயே துப்பு தேட வேண்டியதுதான். இங்குள்ள வீடுகளில் சுவரில் பதித்த ஒற்றை பிளக் பாயிண்ட் தகடு பொதுவாக 86 மில்லிமீட்டர் சதுரம். சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்கு அது நல்ல அளவுகோல். பக்கத்தில் தெரியும் கையை நம்ப முடியாது, கைகள் பலவிதம்.

மடிப்பு மிதிவண்டி வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பேருந்திலும் ரயிலிலும் கொண்டுசெல்ல, மடித்த வண்டி 120, 70, 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் முதலிரண்டு அளவுகளே தெரியும். சிக்கல் கொடுக்கும் 40 தெரியாது. முன்புறத்திலிருந்தும் ஒரு படம் கேட்க வேண்டும்.

கைத்தொலைபேசியின் அளவெடுக்கும் செயலிகள் பொருள் நேரில் இருந்தால்தான் உதவும். எவ்வளவு கவனமாகக் கணக்கிட்டாலும் படத்தில் சிறிது பிசகு இருக்கும். அலமாரி நுழைய வாசலில் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியே இருக்கும் என்று கணக்கு காட்டினால், அளவுநாடாவைப் பிடித்து இன்னொரு படம் அனுப்பும்படி விற்பவரிடம் கேட்டுவிடலாம்.