பூட்டு இல்லாத அடுக்கு: குப்பையை யார் எடுப்பது?

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல்தான். ஆனா கோட் எழுதத் தெரியாதவங்களும் தாராளமா கேட்கலாம். மொத்தக் கதையும் ஒரே கேள்வியைப் பத்தினது: பத்து பேர் ஒரே நேரத்தில் கை வைக்கிற ஒரு பொருளை, இனி யாருக்கும் வேண்டாம்னு யார் முடிவு பண்றது?

ஒரே மெமரியில் பல ப்ராசசர்கள் வேலை செய்ய ஆரம்பிச்சப்பவே இந்தத் தலைவலி வந்தாச்சு. எளிய வழி, லாக். ஒருத்தர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப்பார், மத்தவங்க வெளியே நிக்கணும். உள்ளே போனவர் தூங்கிட்டா மொத்த வரிசையும் நிக்கும். இதுக்கு ஐபிஎம்மில் சார்லி சாலிஸ்பரி ஒரு மாற்று யோசிச்சார். "நான் பார்த்த மதிப்பு இன்னும் அப்படியே இருந்தா மட்டும் மாத்து, இல்லைன்னா விட்டுடு." பார்க்கிறதும் மாத்துறதும் ஒரே கட்டளையில், நடுவில் யாரும் நுழைய முடியாது. அவர் பெயரின் முதல் எழுத்துகள் சி, ஏ, எஸ். அதுக்குப் பொருந்துற மாதிரிதான் 'கம்பேர் அண்ட் ஸ்வாப்'னு பேர் வெச்சாங்கன்னு கூட வேலை பார்த்தவங்க சொல்றாங்க. ஐபிஎம்மின் சிஸ்டம்/370 வழியா இது உலகத்துக்கு வந்தது.

1986-இல் அதே ஐபிஎம்மின் ஆல்மடன் ஆய்வு மையத்தில் கென்ட் ட்ரைபர் இதை வெச்சு லாக் இல்லாத ஒரு ஸ்டாக்கை விவரிச்சார். தட்டு அடுக்குற மாதிரிதான். ஒண்ணை எடுக்கணுமா? உச்சியில் இருக்கிற தட்டைப் பாரு, அதுக்குக் கீழே எதுன்னு படி, உச்சி மாறலைன்னா கீழே இருக்கிறதை உச்சியாக்கு. அவ்வளவுதான்.

அழகா இருக்குல்ல? ஆனா நான் உச்சியைப் பார்த்துட்டு, கீழே எதுன்னு படிக்கிறதுக்குள்ளே இன்னொரு த்ரெட் அந்தத் தட்டை எடுத்து, வேலையை முடிச்சு, மெமரியையும் திருப்பிக் கொடுத்துட்டா? இடிச்சுப் போட்ட வீட்டுக்குள்ளே நான் நுழையுறேன்.

இதைவிட நுணுக்கமான ஆபத்துக்கு 'ஏ-பி-ஏ' சிக்கல்னு பேர். பஸ்ஸில் ஜன்னல் வழியா நீலக் கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கிறீங்க. ஏறி வந்து பார்த்தா நீலக் கர்ச்சீப் அங்கேயே இருக்கு. நிம்மதியா உட்கார்றீங்க. ஆனா உங்க கர்ச்சீப்பை ஒருத்தர் தூக்கிப் போட்டுட்டு, அதே நிறத்தில் தன்னுடையதைப் போட்டிருந்தா? கம்பேர் அண்ட் ஸ்வாப்புக்குத் தெரிஞ்சது நிறம் மட்டும்தான். திருப்பிக் கொடுத்த மெமரி அதே முகவரியோட வேற தட்டாகத் திரும்பி வந்தா, "எதுவும் மாறலை"ன்னு அது நம்பிடும்.

ஜாவா மாதிரி மொழிகளுக்கு இதில் பெரிய கவலை இல்லை. குப்பை அள்ள கார்பேஜ் கலெக்டர் இருக்கு, யாராவது பார்த்துட்டிருக்கிற பொருளை அது தொடாது. சி, சி++ காரங்கதான் மாட்டிக்கிட்டாங்க. அவங்களுக்கு வந்த விடைகளில் ஒண்ணு, கீர் ஃப்ரேசர் 2004-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வேட்டில் விளக்கின 'எபாக்' முறை. பொதுவா ஒரு காலக் கணக்கு ஓடும். அடுக்கைத் தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு த்ரெட்டும் "நான் இந்தக் காலத்தில் உள்ளே இருக்கேன்"னு பதிவு போடணும். கழட்டின தட்டை உடனே உடைக்காம, அந்தக் காலத்தின் மூட்டையில் போடணும். உள்ளே இருக்கிற எல்லாரும் புதுக் காலத்துக்கு வந்த பிறகுதான் காலம் நகரும். போதுமான அளவு நகர்ந்தா பழைய மூட்டையைத் தூக்கிப் போடலாம்.

நல்ல ஏற்பாடுதான், ஆனா முழுக்க ஒழுக்கத்தை நம்பினது. பதிவு போட மறந்தா கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது.

இப்ப கதையின் இன்னொரு பக்கம். ட்ரைபருக்கு அடுத்த வருஷம், 1987-இல், ஜான்-ஈவ் ஜிரார் என்ற பிரெஞ்சு தர்க்கவியலாளர் 'லீனியர் லாஜிக்'கை வெளியிட்டார். 1990-இல் ஃபிலிப் வாட்லர் அதை ப்ரோக்ராமிங் டைப்புகளுக்குக் கொண்டு வந்தார். லைப்ரரி புத்தகம் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒரு நேரத்தில் ஒருத்தர் கையில்தான் இருக்கும். அடுத்தவருக்குக் கொடுத்தா உங்ககிட்ட இருக்காது. ஜெராக்ஸ் கூடாது, தொலைக்கவும் கூடாது. இப்படி இருந்தா மெமரியை யார் திருப்பிக் கொடுக்கணும்ங்கிற குழப்பமே இல்லை.

பாருங்க முரண்பாட்டை. ஒரு பக்கம் "ஒரே ஒரு கை". இன்னொரு பக்கம், எல்லாக் கையும் ஒரே நேரத்தில் தொட்டாத்தான் வேலையே நடக்கும்.

ரெண்டும் பரவலாகச் சந்திச்ச இடம் ரஸ்ட் மொழி. அதன் 1.0 வெளியானது 2015 மே 15. அதே வருஷம் ஆகஸ்டில் ஏரன் டூரன் 'கிராஸ்பீம்' லைப்ரரியை அறிமுகப்படுத்தினார். அதில் புதுத் தட்டு முதலில் உங்க ஒருத்தருக்கே சொந்தம். அடுக்கில் வைக்கிறப்ப சொந்தம் கைமாறிடும், அப்புறம் அதைத் தொட்டா கம்பைலர் விடாது. ஆனா கம்பேர் அண்ட் ஸ்வாப் தோத்துப் போகலாமே? தோத்தா தட்டை அது உங்க கையிலேயே திருப்பித் தரும், மறுபடி முயற்சிக்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். சி-யில் வெறும் ஆம், இல்லைன்னு வர்ற பதில், இங்கே சொந்தம் யாருக்குன்னும் சேர்த்துச் சொல்லுது.

எபாக் பதிவும் ஒரு பொருளாகவே வரும், பேர் 'கார்டு'. கார்டு கையில் இருக்கிறவரைதான் அடுக்கில் இருந்து படிச்ச பாயின்டர் செல்லும். மறதிக்கு வழியே இல்லை. ஆனா எல்லாத்தையும் கம்பைலர் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. "இந்தத் தட்டைக் கழட்டியாச்சு, இனி புதுசா யாராலும் இதை அடைய முடியாது"ங்கிற உறுதியை ப்ரோக்ராமர்தான் 'அன்சேஃப்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ரஸ்ட் முழு லீனியர் கிடையாது. புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க முடியாது, ஆனா தொலைக்கலாம். 1.0-க்குச் சில வாரம் முன்னாடி இது பெரிய பிரச்சினையாச்சு. ஒரு த்ரெட் முடியுறவரை காத்திருக்க வேண்டிய கார்டு ஒண்ணு ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இருந்தது. அதைத் தொலைச்சா காத்திருப்பு நடக்காது, த்ரெட் செத்துப்போன மெமரியைத் தொடும். அந்த வசதியையே எடுத்துட்டாங்க. வேற வடிவத்தில் அது திரும்பி வர 2022 ஆகஸ்ட் ஆச்சு.

கிராஸ்பீம் கார்டைத் தொலைச்சா? காலம் நகராம நின்னுடும், குப்பை சேர்ந்துக்கிட்டே போகும். மெமரி வீணாகும், ஆனா யாரும் இடிஞ்ச வீட்டுக்குள்ளே நுழைய மாட்டாங்க.

அந்த 'அன்சேஃப்' கையெழுத்துகளையும் சரிபார்க்க ஆள் வந்தாங்க. ரஸ்ட்பெல்ட் ஆய்வுக் குழு கணித நிரூபணத்தோட லைப்ரரிகளை அலசினப்ப, ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் 'ஆர்க்'கில், லாக் இல்லாம பங்காளிகளை எண்ணுற அந்தச் சின்னக் கருவியில், அதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு டேட்டா ரேஸ் இருந்ததைப் பிடிச்சாங்க. அந்த ஆய்வு வெளியானது 2020-இல்.