மானியம் காணிக்கா, கமக்காரருக்கா?

நெற்செய்கைக்கான உர மானியம் இந்நாட்டில் 1962 இல் ஆரம்பமானது. 2005 இல் 50 கிலோ மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. 2016 இல் உரத்துக்குப் பதிலாகப் பணம் வழங்கப்பட்டு, 2018 இல் அம்முறை கைவிடப்பட்டது. 2021 இன் இரசாயன உரத் தடை விளைவித்த அழிவின் பின்னர் மீண்டும் பணமே வழங்கப்படலாயிற்று. 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்த தொகை 25,000 ஆக உயர்த்தப்பட்டது. உச்ச எல்லை இரண்டு ஹெக்டேயர். ஏக்கர் கணக்கில் சுமார் பத்தாயிரம் ரூபா.

எவ்வளவு உரம் இட வேண்டுமென்பதைப் பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களம் பரிந்துரைக்கின்றது. பணம் யாருக்கென்பதையோ கமநல சேவை நிலையத்தின் பதிவேடே தீர்மானிக்கின்றது. சிக்கல் இங்குதான். கண்டிச் சீமையின் படிக்கட்டு வயல்கள் வாரிசுகளிடையே துண்டாடப்பட்டவை. சகோதரர்கள் ஆண்டுக்கொருவராகச் செய்யும் தட்டுமாறு முறையும் உண்டு. விளைச்சலில் பங்கு தந்து அந்தேக்குச் செய்பவர்களும் பலர். அவர்களது பெயர் பதிவில் இல்லையெனில், சேற்றில் இறங்காதவரின் வங்கிக் கணக்குக்கே பணம் செல்லும்.

பெயரைப் பதியுமாறு கேட்கலாமே என்பது எளிது. 1958 இன் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரருக்கு நிரந்தர உரிமை வழங்கியபோது, அதற்கு அஞ்சிய உரிமையாளர் பலர் அவர்களை வெளியேற்றியதே வரலாறு. அந்த அச்சம் இரு தரப்பிலும் இன்றும் உண்டு. எனவே காணி உரிமையைப் பாதிக்காத வகையில், மானியத்துக்கென மட்டும் போகந்தோறும் செய்கையாளரைப் பதியும் தனிப் பதிவேடொன்றை ஆரம்பிக்குமாறு கமநல அபிவிருத்தித் திணைக்களத்தை நாம் வேண்டுகின்றோம்.